தோ பாயோவில் பன்னிரண்டு வருடச் சாப்பாடு

2013ல் கும்பகோணத்திலிருந்து வந்து சிங்கப்பூரின் தோ பாயோவில் ஒரு வீவக (அரசாங்க அடுக்குமாடி) புளோக்கில் குடியேறியபோது, சீனச் சாப்பாடு என்றால் எனக்கு ஃபிரைட் ரைஸும் கோபி மஞ்சூரியனும்தான். கீழே காப்பிக்கடையில் மஞ்சூரியன் கேட்டேன், அந்தப் பெயரையே அவர்கள் கேள்விப்பட்டதில்லை. அது இந்தியாவில் பிறந்த பண்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது புதிதாக வரும் நம் ஊர்க்காரர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: இந்த ஊர்ச் சீனச் சாப்பாட்டைத் தினமும் சாப்பிட முடியுமா? முடியும். நாங்கள் வாரத்தில் நாலு நாள் இதைத்தான் சாப்பிடுகிறோம். ஆனால் எதை வீட்டில் செய்வது, எதற்குக் கீழே இறங்கிப் போவது என்று பிடிபட எனக்கு இரண்டு மூன்று வருடம் ஆனது.

கற்றுக்கொடுத்தவர் எதிர்வீட்டு ஆன்ட்டி. தியோச்சியூக்காரர், சீனர்களில் ஒரு பிரிவு. என் மகன் அவரை ஆ மா, அதாவது பாட்டி, என்றுதான் கூப்பிடுவான். லிஃப்ட் அருகே பார்த்தால் அவர் கேட்கும் முதல் கேள்வி "சாப்பிட்டாச்சா?" நம் மக்கள் இங்கே "பசியாறியாச்சா?" என்று கேட்பது போலத்தான். அவர் வீட்டு அடுப்பில் புகையே வராது. ஒரு பக்கம் சூப், இன்னொரு பக்கம் ஆவி. வறுத்த நூடுல்ஸ் வேண்டுமென்றால் கீழே வாங்கிக்கொள்வார். காரணம் கேட்டபோது கையால் பெரிய தீயை வரைந்து காட்டினார். குவே தியாவ் என்ற பட்டை அரிசி நூடுல்ஸை வறுக்கும் வாணலியில் அந்தப் பெரிய ஜுவாலையால்தான் கருகலும் மணமும் ஏறும், வீட்டு அடுப்பில் அது வராது. நான் ஆறு மாதம் முயன்று பார்த்தேன். நூடுல்ஸ் தண்ணீர் விட்டு, குழைந்துதான் போனது. அதை விட்டுவிட்டேன்.

வீட்டில் நிலைத்தவை வேறு. முதலாவது மீன். தியோச்சியூ முறையில் வௌவால் மீனை முழுதாகத் தட்டில் வைத்து, தக்காளி, இஞ்சி, உப்பில் ஊறிய கடுகுக்கீரை, ஒன்றிரண்டு ஊறிய புளிப்புப் பிளம், டோஃபு எல்லாம் சுற்றிப் பரப்பி, தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகுதான் உள்ளே வைக்க வேண்டும். அரைக் கிலோ மீனுக்குப் பத்து நிமிடம் போதும். தட்டில் இறங்கும் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், சோற்றுக்கு அதுதான் குழம்பு. நாம் மீனுக்குப் புளி ஊற்றும் வேலையை இதில் தக்காளியும் பிளமும் செய்கின்றன. ஒரு துளி எண்ணெய் கிடையாது. மீன் பழையதாக இருந்தால் மசாலா மறைக்காது என்பதால், ஈரச்சந்தையில் மீன் பார்த்து வாங்கும் கண்ணும் தானாக வந்துவிட்டது.

இரண்டாவது கஞ்சி. இன்னொரு சீனப் பிரிவினரான கான்டனீஸ்காரர்கள் அரிசி கரைந்து கூழாகும்வரை காய்ச்சுவார்கள். தியோச்சியூக் கஞ்சியில் பருக்கை முழுசாக நிற்கும், தண்ணீர் தனியாக நிற்கும். தொட்டுக்கொள்ள உப்பு முட்டை, வறுத்த நிலக்கடலை, நெத்திலி, ஊறிய முள்ளங்கியைப் பொடியாக நறுக்கிப் போட்ட ஆம்லெட். என் மாமியார் ஊரிலிருந்து வந்தபோது ஆன்ட்டி ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார். "இது நம்ம நீர்க்கஞ்சிதானே, ஊறுகாய்தான் வேற" என்றார் மாமியார். அன்றிலிருந்து காய்ச்சல், வயிற்றுக் கோளாறு எது வந்தாலும் எங்கள் வீட்டில் இதுதான்.

தாமரைக் கிழங்கும் நிலக்கடலையும் போட்ட சூப்பை அவர்கள் பன்றி விலா எலும்போடு செய்வார்கள். என் வீட்டுக்காரர் சைவம் என்பதால் நான் எலும்பை விட்டு, செம்பேரீச்சையும் சோளமும் சேர்த்து இரண்டு மணி நேரம் சிறு தீயில் வைக்கிறேன். குறை தெரியவில்லை.

சரி, வெளியே. இங்கே உணவங்காடி நிலையங்கள் 100க்கும் மேல் இருக்கின்றன. தெருவோரம் விற்றவர்களை 1970களிலும் 80களிலும் அரசாங்கம் கூரை, தண்ணீர், கழிவுநீர் வசதியோடு கட்டிய இடங்களுக்குக் கொண்டுவந்ததில் உருவானவை. 2020ல் யுனெஸ்கோ இந்த அங்காடிக் கலாசாரத்தை அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. எனக்கு அதைவிடப் பெரிய விஷயம், ஒரே மேசையில் நான் மீன் சூப், வீட்டுக்காரர் சைவ பீஹூன் (அரிசிச் சேமியா), மகன் ரொட்டி பராட்டா என்று உட்கார முடிவது. அப்புறம், மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தால் அந்த இடத்துக்கு ஆள் வந்தாயிற்று என்று அர்த்தம், உட்காராதீர்கள். சாப்பிட்ட தட்டை நாமே திருப்பி வைக்க வேண்டும். 2021லிருந்து அது கட்டாயம்.

காலை நேரத்தில் நான் தேடிப்போவது சுவீ குவே. அரிசி மாவைக் கரைத்துச் சின்னக் கிண்ணங்களில் ஆவியில் வேகவைத்தது, நடுவில் குழி. அந்தக் குழியில் எண்ணெயில் வதக்கிய ஊறிய முள்ளங்கியைப் போட்டு, ஓரத்தில் மிளகாய் விழுது வைப்பார்கள். இட்லி போல இருக்கும் என்று நினைத்துக் கடிக்காதீர்கள். மாவு புளிப்பதில்லை, அதனால் பஞ்சு மாதிரி இருக்காது, கொழுக்கட்டைப் பக்கம்தான் வரும். வதக்குவதற்குப் பன்றிக் கொழுப்பு சேர்க்கும் கடைகளும் உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சைவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஒரு கடையில் "இறைச்சி வேண்டாம்" என்று சொல்லி வீட்டுக்காரருக்கு நூடுல்ஸ் வாங்கினேன். இறைச்சித் துண்டுகளை எடுத்துவிட்டுக் கொடுத்தார்கள், சம்பால் என்ற மிளகாய் விழுதில் காய்ந்த இறால் இருந்தது. அவர் இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அவர் முகம் போன விதம் இன்னும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதிலிருந்து சைவக் கடை என்று பலகை மாட்டிய கடையில் மட்டும்தான். பௌத்த முறைச் சைவம் என்பதால் பெரும்பாலும் பூண்டு, வெங்காயம்கூட இருக்காது. சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே வரிசை நீளும், நிறையச் சீனர்கள் அன்று சைவம். நம் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி வரும் நாட்கள்தான், அமாவாசை விரதக்காரர்கள் கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள்.

விலை ஏறியிருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. நான் வந்த புதிதில் 1 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) குடித்த கோப்பி இப்போது 1.40 ஆகிறது. கோப்பி என்றாலே கெட்டிப்பால் விழும், இனிப்பு அதிகம். நான் சொல்வது "கோப்பி சி கோசோங்", அதாவது ஆவியாக்கிய பால், சர்க்கரை இல்லை. டிகிரி காப்பியை இதில் தேடாதீர்கள். கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பதால் அதற்கென்று ஒரு கருகல் வாசம் உண்டு, பழகினால் விட முடியாது.

கடைசியாக ரொட்டிக்கடை. பழைய சீன வீடுகளில் ரொட்டி சுடும் அவன் அடுப்பு கிடையாது, ஆன்ட்டி வீட்டில் இன்றும் இல்லை. பன் எல்லாம் புளோக்குக் கீழே இருக்கும் கடையிலிருந்துதான் வரும். ரொட்டியின் கறுத்த மேல்தோலைக் கத்தியால் சீவிவிட்டு, நாம் கேட்கும் கனத்தில் வெட்டிக் கொடுப்பார்கள். சாயங்காலம் நாலு மணிக்குச் சூடாக வரும் தேங்காய்ப் பன், சிவப்பு பீன்ஸ் பன் இரண்டும் மகனுக்கு. பாண்டான் (ரம்பை இலை) சிஃபான் கேக் எனக்கு. ரொட்டிக்கும் பன்னுக்கும் அந்த மிருது எப்படி வருகிறது என்று வீட்டில் முயன்றபோது ஒரு வழி கிடைத்தது: மாவில் சிறு பங்கை ஐந்து மடங்கு தண்ணீரில் கஞ்சி போலக் காய்ச்சி, ஆறவைத்து மீதி மாவில் சேர்த்துப் பிசைவது. அடுத்த நாளும் ரொட்டி காயவில்லை. ஆனால் இந்த ஊர் ஈரப்பதத்தில் மூன்றாம் நாள் பூசணம் பிடிக்கும், கடை ரொட்டியானாலும் அன்றன்றைக்கு வாங்குவதே சரி.

இத்தனை வருடத்தில் நான் இன்னும் கற்காதது சோங் கட்டுவது. ஒட்டரிசியை மூங்கில் இலையில் கூம்பாக மடித்து நூலால் இறுக்க வேண்டும். நான் கட்டினால் ஒரு முனை பிரிந்துவிடுகிறது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார் ஆ மா. என் வீட்டுக்காரருக்காகக் காளானும் கஷ்கொட்டையும் வைத்துத் தனியாகப் பத்து கட்டலாமாம். இலையை முந்தின ராத்திரியே ஊறப் போட வேண்டுமாம்.