சின்ன டிராக்டருக்கு ஸ்பேசர் போடக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பழைய ஃபோர் வீல் டிரைவ் சின்ன டிராக்டர். சரிவில் சாய்கிறது என்று பின்சக்கரங்களைப் பக்கத்துக்கு 75 மி.மீ. வெளியே தள்ளப் பட்டறையில் கொடுத்தது. பில்லில் ஸ்பேசர் (ஆக்சில் முனையில் சக்கரம் மாட்டும் ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் இரும்புத் துண்டு), இரண்டு பக்க பேரிங், ஆயில் சீல் (ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்), ஆக்சில் சர்வீஸ் எல்லாம் இருந்தன. 40 மணி நேரம் ஓடுவதற்குள் இடது பக்கம் சக்கரத்தைப் பிடிக்கும் மரைக் கம்பியான ஸ்டட் மூன்று அறுந்தது, ரிம்மின் உள்பக்கம் முழுக்க ஆயில். பட்டறை சொன்ன பதில்: “ஓவர்லோடு ஏத்தியிருக்கீங்க.”

அறுந்த ஸ்டட் முகத்தை வெளிச்சத்தில் திருப்பினால் பொய் தெரிந்துவிடுகிறது. ஓவர்லோடில் ஒரே அடியாக அறுந்திருந்தால் முகம் முழுக்கச் சொரசொரப்பாக இருக்கும். இதில் பிறை பிறையாக மழமழப்பான கோடுகள், ஓரத்தில் கொஞ்சம்தான் சொரசொரப்பு. நட்டு தளர்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து வளைந்து சோர்ந்து அறுந்தது அது.

தளர்ந்ததற்குக் காரணம் ஸ்பேசர். இரண்டு தகட்டுக்கு நடுவே பைப்பை வைத்து வெல்டிங் அடித்திருக்கிறார்கள், அதன்பின் லேத்தில் முகம் எடுக்கவில்லை, அதாவது தட்டையாகச் சீவவில்லை. வெல்டிங் சூட்டில் தகடு வளைந்து, ஸ்கேல் வைத்தால் நடுவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறது. ஹப்பில் உட்காரும் சென்டர் வளையமும் இல்லை, ஆகவே சக்கரம் ஸ்டட்டிலேயே தொங்குகிறது. போதாததற்கு இரண்டு முகத்திலும் தடிப்பாகப் பெயிண்ட். பெயிண்ட் நசுங்கினால் நட்டின் பிடி போய்விடும். ரிம் ஓட்டை கூம்பு வடிவம், போட்டதோ தட்டை நட்டு. போல்ட் தலையில் 8.8, 10.9 என்று பலத்தைக் காட்டும் எந்த எண்ணும் கிடையாது.

பேரிங் மாற்றவே இல்லை. பேரிங் உருளும் வளையமான ரேஸில் பழுப்பும் குழியுமாகப் பழசு அப்படியே இருந்தது. சீல் மட்டும் புதுசு. அதையும் ஷாஃப்டில் பழைய சீல் தேய்த்த பள்ளத்தின் மேலேயே உட்கார வைத்திருக்கிறார்கள். நகத்தை ஓட்டினால் மாட்டும் பள்ளம் அது, அதில் எந்த சீலும் நிற்காது. இடம் இருந்தால் சீலைச் சற்றுத் தள்ளி உட்கார வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஷாஃப்டுக்கு மேலுறையாக ஸ்லீவ் போட வேண்டும். ஆக்சில் கேஸின் காற்றுத் துவாரமான ப்ரீதர் சேறு அடைத்துக் கிடந்தது. ஆயில் சூடாகும்போது உள்ளே ஏறும் அழுத்தத்துக்கு வேறு வழியில்லை, சீலைத் தாண்டித்தான் வரும்.

பேரிங் ஏன் இவ்வளவு முக்கியம்? வெளிப்பக்க பேரிங்கிலிருந்து டயர் நடுக்கோடு 100 மி.மீ. தள்ளி இருந்தது என்று வையுங்கள். 75 கூட்டினால் 175. ஆக்சிலை வளைக்கும் விசை முக்கால் பங்கு கூடிவிடும். முதலில் ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். டக்கென்று அடித்தால் ஸ்பேசர் பேச்சே வேண்டாம்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், பல வண்டிகளுக்கு ஸ்பேசரே தேவைப்படாது. டிஸ்க் (ரிம்மின் நடுத் தகடு) குழிந்த ரிம்மாக இருந்து, டயர் உள்பக்கம் தள்ளி நின்றால், இடது சக்கரத்தை வலதுக்கும் வலதை இடதுக்கும் உள்முகம் வெளியே வரும்படி மாற்றினாலே அகலம் கிடைக்கும். அதே பக்கத்தில் திருப்பிப் போடாதீர்கள், டயரின் பட்டை எதிர்த்திசைக்குப் போய்விடும். பின்னால் நின்று பார்த்தால் பட்டையின் கூர்முனை மேல்நோக்கி இருக்க வேண்டும். ஃபோர் வீல் டிரைவின் முன்சக்கரத்தில் கை வைக்காதீர்கள். அங்கே இருக்கும் பெவல் கியர் கேஸும், சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங்கும் அந்தப் பாரத்துக்குச் செய்தவை அல்ல.

ஸ்பேசர்தான் வேண்டுமென்றால், ஹப்பிலும் ரிம்மிலும் சென்டர் உட்காரும் இரும்பு ஸ்பேசர், வெல்டிங்குக்குப் பின் லேத்தில் முகம் எடுத்தது, ரிம்முக்குத் தனி ஸ்டட் உள்ளது என்று கேளுங்கள். நீள போல்ட்டை ஊடே விட்டுத் தருவதை வாங்காதீர்கள். 14 மி.மீ. ஸ்டட்டில் நட்டின் மரை குறைந்தது 14 மி.மீ. பிடிக்க வேண்டும். ஐந்து ஓட்டை ஹப்பில் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் அளக்க, அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளின் மைய தூரத்தை 1.701-ஆல் பெருக்குங்கள். “எல்லாத்துக்கும் பொருந்தும்” என்பவரிடம் இந்த அளவைச் சொல்லிப் பாருங்கள்.

முகங்கள் வெறும் இரும்பாக, பெயிண்டும் கிரீஸும் இல்லாமல் இருக்கட்டும். எதிரெதிராக டார்க் ரெஞ்சில் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இறுக்கி, 1 மணி நேரம் ஓடியதும் ஒரு முறை, 10 மணி நேரத்தில் மறுமுறை பாருங்கள்.

பணம் கொடுக்கும் முன் கழற்றிய பேரிங்கையும் சீலையும் கையில் வாங்குங்கள், புதிய பேரிங் எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். “ஆக்சில் சர்வீஸ்” என்றால் முன் ஆக்சில் கேஸின் லெவல் பிளக்கையும் திறக்கச் சொல்லுங்கள். பால் மாதிரி ஆயில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

ஓட ஆரம்பித்த பின் நட்டைச் சுற்றிச் செம்பழுப்புப் பொடி கசிந்தால் அது சேறு அல்ல. உள்ளே இரும்பு உரசுகிறது. வண்டியை அங்கேயே நிறுத்துங்கள்.