ஊசி போடாமல் எடுத்த மூளை ரத்த ஓட்ட ஸ்கேன்: சேவை எப்படி?

என் தந்தைக்கு இடப்பக்கக் கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பது டாப்ளர் பரிசோதனையில் தெரியவந்ததும், அதைத் தாண்டி மூளைக்குப் போதிய ரத்தம் போய்ச் சேருகிறதா என்று அளந்து பார்க்க வேண்டும் என்றார் நரம்பியல் மருத்துவர். பரவலாகச் செய்யப்படும் சி.டி. பெர்ஃப்யூஷன் (மூளை ரத்த ஓட்டத்தை அளக்கும் சி.டி. ஸ்கேன்) சுமார் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்; பக்கவாதம் என்று அவசரமாக வருபவர்களுக்கு அதுவே ஏற்றது. ஆனால் அதற்கு அயோடின் கலந்த மருந்தை ரத்தநாளத்தில் ஏற்ற வேண்டும். தந்தைக்குச் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஏற்கெனவே கூடுதல் என்பதால், அந்த மருந்தைத் தவிர்த்து, ஊசியே தேவைப்படாத ஏ.எஸ்.எல். (ரத்தத்தையே காந்தத்தால் அடையாளமிடும்) முறையில் எம்.ஆர்.ஐ. எடுக்கும்படி எழுதிக் கொடுத்தார். அதற்காக நாங்கள் மதுரையில் சென்ற தனியார் ஸ்கேன் மையத்தைப் பற்றியது இந்த மதிப்பீடு.

இம்முறையில் கழுத்துப் பகுதியில் ரேடியோ அலைகளைச் செலுத்தி, மூளைக்கு ஏறும் ரத்தத்திலுள்ள நீரின் காந்த நிலையைத் தலைகீழாக்குகிறார்கள். அந்த ரத்தம் மூளைத் திசுவை எட்டும்வரை காத்திருந்து ஒரு படமும், அவ்வாறு அடையாளமிடாமல் ஒரு படமும் எடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து ரத்த ஓட்டத்தைக் கணக்கிடுகிறார்கள். இந்த வேறுபாடு மொத்தச் சமிக்ஞையில் ஏறத்தாழ 1 சதவீதம்தான் என்பதால், பல ஜோடிப் படங்களை எடுத்துச் சராசரி காண வேண்டியிருக்கிறது. நோயாளி தலையை அசைத்தால் எல்லாம் வீண். இதை டெக்னீசியன் தந்தைக்குப் பொறுமையாகச் சொல்லிப் புரியவைத்து, தலையின் இருபுறமும் மெத்தை வைத்து, அவசரமென்றால் அமுக்கி அழைப்பதற்கான ரப்பர் பந்தையும் கையில் கொடுத்தார். மூடிய இடமென்றால் மிரளும் தந்தை அந்த ஐந்து நிமிடமும் அசையாமல் கிடந்ததற்கு அவர்தான் காரணம். வழக்கமான மூளை எம்.ஆர்.ஐ. கட்டணத்துக்கு மேல் இதற்கெனத் தனியாக எதுவும் வாங்கவில்லை.

குறை ரிப்போர்ட்டில் இருந்தது. ‘இடப்பக்கம் ரத்த ஓட்டம் குறைவு’ என்ற ஒற்றை வரியும், அளவுகோல் இல்லாத ஒரு வண்ணப்படமும் தந்தார்கள். ஆரோக்கியமான மூளையில் 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லிலிட்டர் ரத்தம் பாய்கிறது. 20-க்குக் கீழே இறங்கினால் செல்களின் வேலை தடுமாறத் தொடங்குகிறது. படத்தில் உள்ள நீலம் 40-ஐக் குறிக்கிறதா, 20-ஐயா என்று தெரியாவிட்டால் அது வெறும் கோலம்தான்.

நரம்பியல் மருத்துவர் அதைவிட முக்கியமான ஒன்றைக் கேட்டார்: அடையாளமிட்ட பிறகு எத்தனை நொடி காத்திருந்து படமெடுத்தார்கள்? அடைப்பு உள்ள பக்கத்தில் ரத்தம் சுற்றுவழியாகத் தாமதித்து வரும். அது வந்து சேருமுன் படமெடுத்தால், ஓட்டமே குறைந்துவிட்டதுபோல் தோன்றும். அதற்காக மிக நீண்ட நேரம் காத்திருக்கவும் முடியாது. இட்ட அடையாளம் சில நொடிகளிலேயே மங்கிவிடுகிறது. விசாரித்தபோது 1.5 நொடி என்றார்கள். அடைப்புள்ள முதியவருக்கு அது போதாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்ததும், மையத்தின் ரேடியாலஜிஸ்ட் தாமே தொலைபேசியில் பேசி, மறுவாரம் 2.5 நொடியில் கட்டணமின்றித் திரும்ப எடுத்துக் கொடுத்தார். இரு பக்கங்களுக்கும் இடையிலான வேறுபாடு பெருமளவு குறைந்திருந்தது. ரத்தம் தாமதமாக வருகிறதே தவிர, வராமல் இல்லை. தவறைச் சுட்டினால் முகம் சுளிக்காத இந்தப் பண்புக்காகவே மதிப்பெண்ணைக் கூட்டினேன்.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். காபி மூளை ரத்தக்குழாய்களைச் சுருக்கி ஓட்டத்தைக் கணிசமாகக் குறைக்கக்கூடியது. ஆயினும் முதல் நாள் ‘காலையில் காபி குடித்தீர்களா’ என்று எவரும் கேட்கவில்லை. தந்தை இரண்டு டம்ளர் குடித்துவிட்டுத்தான் வந்திருந்தார். அது இரு பக்கத்தையும் சேர்த்தே பாதிக்கும் என்பதால் பக்க ஒப்பீடு கெடவில்லை. எண்களை மட்டும் அவ்வளவாக நம்ப முடியவில்லை.

5-க்கு 3.5 தருகிறேன். அங்கே செல்பவர்கள் ஃபிலிமோடு நின்றுவிடாமல் படங்கள் பதிந்த சி.டி. தட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், காத்திருப்பு நேரத்தை ரிப்போர்ட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டால் மறுக்காமல் தருகிறார்கள்.