பெல்ட்டை எடுங்கள், ஹெல்மெட்டை விடுங்கள்: சுங்கை சிப்புட் கடையில் அமெரிக்கக் காற்பந்துச் சாமான்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைத்தெருவின் பின்வரிசையில் இருக்கும் விளையாட்டுப் பொருள் கடையில் இப்போது அமெரிக்கக் காற்பந்துக்கென்று ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள். மேல்தட்டில் பழைய ஹெல்மெட்டுகளும் தோள்கவசங்களும், கீழ்த்தட்டில் இடுப்பில் கட்டும் கொடி பெல்ட்டுகளும் பந்துகளும். தோட்டத்து இளைஞர் மன்றத்துப் பையன்கள் வந்ததும் கைநீட்டுவது மேல்தட்டுக்குத்தான். எடுப்பாக இருப்பது அது. வாங்க வேண்டியது கீழே இருக்கிறது.

மேல்தட்டுச் சாமான் பிரிட்டனில் கலைந்துபோன ஒரு கிளப்பிலிருந்து மொத்தமாக வந்ததாகக் கடைக்காரர் சொல்கிறார். நம்பக்கூடியதுதான். 1982 நவம்பரில் தொடங்கிய சேனல் 4 தொலைக்காட்சி அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். ஆட்டங்களை வாராவாரம் காட்ட, அதில் மயங்கியவர்கள் ஊர்தோறும் கிளப் தொடங்கினார்கள். முன்னோடி லண்டன் ரேவன்ஸ். 1983-இல் நார்த்விச் ஸ்பார்ட்டன்ஸோடு மோதியது. அடுத்த சில ஆண்டுகளில் கிளப்புகள் பெருகின, லீக்குகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. 1986-இல் பட்வைசர் பீர் நிறுவனம் லீக்குக்குப் பணம் போட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் லண்டன் வெம்பிளி அரங்கில் என்.எஃப்.எல். அணிகளான சிக்காகோ பியர்ஸும் டல்லஸ் கவ்பாய்ஸும் ஆடின. பிறகு தொலைக்காட்சி மவுசும் ஆதரவுப் பணமும் வற்ற, பல கிளப்புகள் மூடின, சில பக்கத்துக் கிளப்போடு சேர்ந்துகொண்டன.

அவை மூடியது ஆட்டத் தரம் மட்டமாக இருந்ததால் அல்ல. மான்செஸ்டர் ஸ்பார்ட்டன்ஸ் 1990-இல் ஐரோப்பியக் கிளப்புகளுக்கான யூரோபௌலை வென்றது. ஸ்ட்ரெட்டம் ஒலிம்பியன்ஸ் என்று தொடங்கிய லண்டன் ஒலிம்பியன்ஸ் 1993, 1994 இரண்டிலும் வென்றது. இன்றும் அங்கே ஆட்டக்காரர்கள் சம்பளம் வாங்குவதில்லை. தாங்களே சந்தா கட்டுகிறார்கள். ரக்பி திடலுக்கு வாடகை, நடுவர், மருத்துவ உதவியாளர், பேருந்து, அதற்கு மேல் ஆளுக்கொரு ஹெல்மெட், கவசம். முப்பது நாற்பது பேருக்கு இதைக் கட்டி மேய்ப்பதுதான் பாடு. ஆள் குறைந்தால் சந்தா குறையும். செலவோ அப்படியே நிற்கும். நம் தோட்டத்து மன்றத்துக்கும் இதே கணக்குதான் வரும்.

சரி, அந்த ஹெல்மெட்டைக் கையில் எடுத்துப் பார்ப்போம். உள்ளே தயாரிப்பு ஆண்டு ஒட்டியிருக்கும். கைப்பேசி வெளிச்சம் அடித்தால் தெரியும். பத்து ஆண்டைத் தாண்டிய ஹெல்மெட்டை அமெரிக்காவில் புதுப்பித்துத் தரும் நிறுவனங்களின் சங்கம் தொடுவதே இல்லை. கடையில் இருப்பவற்றில் பாதிக்கு மேல் அந்த ஆண்டுச் சீட்டே இல்லை. கட்டைவிரலால் உள்மெத்தையை அழுத்திப் பாருங்கள்: நல்ல மெத்தை அமுங்கி மெல்ல எழும்பும். இங்கே ஒன்று அமுங்கவே இல்லை, இன்னொன்று பிஸ்கட் மாதிரி உதிர்ந்து விரலில் ஒட்டுகிறது. வெளி ஓடு பளபளவென்று இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஓடு பெரும்பாலும் பாலிகார்பனேட்; பழைய ஸ்டிக்கரை எடுக்கத் தின்னரோ பெட்ரோலோ தேய்த்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுந்திருக்கும். முகக்கம்பியைப் பிடிக்கும் திருகாணி நம் ஊர் ஈரத்தில் துருப்பிடித்துப்போயிருக்கிறது. மன்ற அறையில் அலங்காரத்துக்கு வைக்கலாம், தலையில் மாட்டக் கூடாது. ஹெல்மெட் இல்லாமல் தோள்கவசம் மட்டும் வாங்கி ஒரு பயனும் இல்லை.

கீழ்த்தட்டு வேறு சங்கதி. அது கொடிக் காற்பந்துக்கு, அதாவது மோதல் இல்லாத அமெரிக்கக் காற்பந்துக்கு உரியது. இதில் ஆளைத் தள்ளி விழுத்துவது கிடையாது. பந்தோடு ஓடுபவரின் இடுப்பில் தொங்கும் கொடியைப் பிடுங்கினால் ஆட்டம் அங்கேயே நிற்கும். பக்கத்துக்கு ஐந்து பேர் போதும். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும், தாண்டினால் கோல் பகுதிக்குப் போக இன்னும் நான்கு. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் நடக்கப்போவதும் இந்த ஐவர் ஆட்டம்தான். பிரிட்டனின் பெண்கள் அணி 2023-இல் ஐரோப்பியப் பட்டம் வாங்கியதும் இதில்தான்.

கடையில் இரண்டு வகை பெல்ட் உண்டு. மலிவானது வெல்க்ரோ ஒட்டு. அதை வாங்காதீர்கள். திடல் ஓரத்து ஒட்டுப்புல் விதை வெல்க்ரோவில் ஏறிக்கொண்டால் நாலைந்து ஆட்டத்தில் பிடிப்பு போய்விடும். ஓடும்போதே கொடி விழும், பிடுங்கினானா விழுந்ததா என்று சண்டை வரும். மற்றது குமிழ்க் கொடி: பெல்ட்டின் இரு பக்கமும் ரப்பர் குழி, அதற்குள் கொடியின் முனை. இழுத்தால் ‘டொப்’பென்று சத்தம் கேட்கும், நடுவருக்கும் வேலை மிச்சம். குழிக்குள் மணல் போனால் இறுக்கம் குறையும். ஆட்டம் முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்தால் போதும், எண்ணெய் மட்டும் தடவாதீர்கள். இடுப்புச் சுற்றியது போக மிஞ்சும் பட்டையை உள்ளே சொருக வேண்டும். தொங்கினால் எதிரணிக்காரன் அதைப் பிடித்துத்தான் இழுப்பான். கடையில் சிவப்பும் மஞ்சளும் இருக்கின்றன. சிவப்புக் கால்சட்டை போடும் அணி சிவப்புக் கொடி எடுக்கக் கூடாது.

கால்சட்டையில் பை இருக்கவே கூடாது என்பது விதி. கொடியைத் தேடும் விரல் பைக்குள் மாட்டினால் மூட்டு பிசகும். பள்ளி உடற்பயிற்சிக் கால்சட்டைக்கெல்லாம் பை உண்டு என்பதால், பயிற்சிக்காவது தையற்கடையில் கொடுத்துப் பையின் வாயை மூடிவிடுங்கள். சட்டை வெளியே தொங்கிக் கொடியை மறைக்கக் கூடாது. அதனால் ஜெர்சி அடிக்கும்போது கால்சட்டைக்குள் விடுகிற நீளம் கேட்டு வாங்குங்கள்.

பந்தில் தோல், செயற்கைத் தோல், ரப்பர் மூன்றும் வைத்திருக்கிறார்கள். தோல் பந்து கைக்கு இதம்தான், ஆனால் பேராக்கின் சாயங்கால மழையில் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும், அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். ரப்பர் நனைந்தால் வழுக்கும். நடுவில் இருக்கும் செயற்கைத் தோலே இங்கே சரி. பதினான்கு வயதுக்கு மேல் முழு அளவு. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜூனியர் அளவு. சின்னக் கைக்குப் பெரிய பந்தைக் கொடுத்தால் விரல் தையலைப் பிடிக்காது, பந்து சுழலாமல் தள்ளாடிப் போகும்.

காற்று 12.5 முதல் 13.5 பி.எஸ்.ஐ. ஊசியை நனைத்துச் சொருகிக் கைப்பம்பால் அடியுங்கள். மோட்டார் சைக்கிள் கடைக் கம்ப்ரஸரில் அடித்தால் உள்பை கண்ணிமைப்பதற்குள் வெடிக்கும். காலைக் குளிரில் 13 வைத்துவிட்டு வெயிலில் போட்டால், பத்து டிகிரி சூடு ஏறும்போது கிட்டத்தட்ட 0.9 கூடிவிடும். எனவே ஆட்ட நேரத்தில், திடலில் வைத்தே அளந்து பாருங்கள்.

இடப் பிரச்சினையும் இல்லை. ஆடுகளம் 70 கெஜ நீளம், 25 கெஜ அகலம், அதாவது 64 மீட்டருக்கு 23 மீட்டர். தோட்டத்துக் காற்பந்துத் திடலில் குறுக்கே போட்டால் அதன் அகலம் இதற்கு நீளமாக அமைந்துவிடும். திடல் பெரிதாக இருந்தால் பக்கத்திலேயே இன்னொரு களமும் போடலாம். கோல் கம்பம் தேவையில்லை.

கடையின் குறை ஒன்று உண்டு: பத்துப் பெல்ட் உள்ள பொதியாகத்தான் விற்கிறார்கள், உதிரிக் கொடி தருவதில்லை. தொலைவது எப்போதும் கொடிதான், பெல்ட் அல்ல. இரண்டு மன்றங்கள் சேர்ந்து வாங்கினால் உதிரியும் வரவழைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன் அதை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.