எம்டிஎன்: ஏஐயிடம் கேட்ட பிறகும் நான் திறந்து பார்க்கும் பக்கம்

டெவலப்பர் அட்வகேட் என்று என் வேலைக்குப் பெயர். கல்லூரிகளுக்கும் மீட்டப்களுக்கும் போய் வெப் பற்றிப் பேசுவது, கோடு எழுதிக் காட்டுவது, டெவலப்பர்கள் எங்கே திணறுகிறார்கள் என்று கேட்டு வந்து ப்ராடக்ட் டீமிடம் சொல்வது, இவ்வளவுதான். கொஞ்ச காலமாக எங்கே போனாலும் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது: "அண்ணா, எல்லாம் ஏஐகிட்டயே கேட்டுக்கலாமே, டாக்குமென்டேஷன் எதுக்குப் படிக்கணும்?" அப்போதெல்லாம் நான் திறந்து காட்டுவது எம்டிஎன் வெப் டாக்ஸ், வெப் பக்கம் கட்டுவதற்கான இலவச விளக்கத் தளம். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்க்ரிப்ட் மூன்றுக்கும் நான் தினமும் போய் நிற்கும் இடம் அதுதான்.

திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் நடந்த பயிற்சியைச் சொல்கிறேன். பட்டனைத் தட்டினால் ஒரு சின்ன மெனு திறக்க வேண்டும், வெளியே எங்கே தட்டினாலும் மூட வேண்டும். இரண்டாவது வரிசையில் இருந்த மாணவி ஏஐயிடம் கேட்டு ஐம்பது வரிக்கு மேல் ஜாவாஸ்க்ரிப்ட் வாங்கி ஒட்டியிருந்தார். ஓடியது. ஆனால் எஸ்கேப் கீயை அழுத்தினால் மூடவில்லை, பக்கத்திலிருந்த இன்னொரு பெட்டிக்குப் பின்னால் மெனு பாதி மறைந்து போனது, அதைச் சரிசெய்யக் கேட்டதும் இன்னும் இருபது வரி வந்தது. பக்கத்துக்கு மேலே மிதந்து திறக்கும் பெட்டிகளுக்காக பிரவுசரிலேயே இருக்கும் வசதி பாப்ஓவர் ஏபிஐ, எம்டிஎன்னில் அதன் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். மெனுவுக்கு பாப்ஓவர் என்று ஒரு ஆட்ரிபியூட் (எச்டிஎம்எல் டேக்குக்குள் எழுதும் ஒரு சொல்), பட்டனுக்கு பாப்ஓவர்டார்கெட் என்று ஒன்று. வெளியே தட்டினால் மூடுவது, எஸ்கேப், எல்லாவற்றுக்கும் மேலே வந்து நிற்பது, அத்தனையையும் பிரவுசரே பார்த்துக்கொள்கிறது. எழுதிய ஜாவாஸ்க்ரிப்ட் முழுவதையும் அழித்துவிட்டு ரீலோட் செய்தார். மெனு ஒழுங்காகத் திறந்து மூடியது.

சரி, இது எல்லா பிரவுசரிலும் ஓடுமா என்று அடுத்த கேள்வி. ஏஐ ஒரே வார்த்தையில் ஆமாம் என்றது. நான் பக்கத்தின் அடியில் இருக்கும் பிரவுசர் அட்டவணைக்குப் போகச் சொன்னேன், ஏனென்றால் இந்த பாப்ஓவருக்கு ஒரு கதை உண்டு. 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸிலும் வந்து சேர்ந்ததும் இனி எல்லாவற்றிலும் இருக்கிறது என்றுதான் நினைத்தார்கள். அப்புறம் பார்த்தால் ஐபோன் சஃபாரியில் வெளியே தட்டினால் மூடவில்லை. சஃபாரி 18.3 வந்து, 2025 ஜனவரியில்தான் அது தீர்ந்தது. பழைய ஐபோனை அப்டேட் செய்யாமல் வைத்திருக்கும் வாடிக்கையாளருக்காகத் தளம் கட்டுகிறவருக்கு 'ஆமாம்' என்ற ஒரு சொல் போதாது, எந்த பிரவுசர், எந்தப் பதிப்பு என்று வரிவரியாகத் தெரிய வேண்டும். அந்த அட்டவணையின் தரவு, பலர் சேர்ந்து கோடு எழுதித் திருத்தும் தளமான கிட்ஹப்பில் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்த்துத் திருத்தம் அனுப்பலாம்.

பக்கத்தின் தலையில் வரும் பேஸ்லைன் அடையாளமும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி நான்கிலும் ஒரு வசதி வந்துவிட்டால் 'புதிதாகக் கிடைப்பது'. அதிலிருந்து 30 மாதம் ஓடினால் 'பரவலாகக் கிடைப்பது'. மீட்டிங்கில் அரை மணி நேர வாக்குவாதத்தை இந்த ஒரு பட்டை முடித்து வைத்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எம்டிஎன்னை 2005இல் தொடங்கியது ஃபயர்ஃபாக்ஸைச் செய்யும் மொசில்லா. 2020 ஆகஸ்டில் மொசில்லா சுமார் 250 பேரை வேலையிலிருந்து எடுத்தபோது எம்டிஎன்னுக்கு எழுதிக்கொண்டிருந்தவர்களும் அதில் போனார்கள். இது அவ்வளவுதான் என்று நாங்கள் பலரும் பயந்தோம். ஆனால் அந்த வருடக் கடைசியில் பக்கங்கள் முழுவதும் கிட்ஹப்புக்கு வந்தன, 2021 ஜனவரியில் ஓப்பன் வெப் டாக்ஸ் என்ற அமைப்பு உருவாகி, எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் கொடுக்க நிறுவனங்களிடமும் தனிமனிதர்களிடமும் நிதி திரட்டியது. இன்று நாம் இலவசமாகப் படிக்கும் பக்கங்களுக்குப் பின்னால் இந்த உழைப்பு இருக்கிறது.

ஏஐ விஷயத்தில் எம்டிஎன்னும் ஒருமுறை தடுக்கி விழுந்தது. 2023இல் கோடு உதாரணங்களுக்குப் பக்கத்திலேயே ஏஐ விளக்கம் தரும் பட்டன் ஒன்றை வைத்தார்கள், அது சில இடங்களில் தவறான விளக்கம் சொன்னது. டெவலப்பர்கள் கிட்ஹப்பில் உதாரணத்தோடு எடுத்துக் காட்டி எதிர்த்தார்கள், பட்டன் எடுக்கப்பட்டது. எனக்கு இதில் எம்டிஎன் மீது நம்பிக்கை கூடத்தான் செய்தது. தவறு என்று சொல்ல ஓர் இடம் இருந்தது, சொன்னதைக் கேட்கவும் ஆள் இருந்தது.

நானும் ஏஐயை நாள் முழுக்கப் பயன்படுத்துகிறவன்தான். எரர் மெசேஜைப் புரிந்துகொள்ள, முதல் வரைவு போட, சலிப்பான டெஸ்ட் எழுத அதுதான் கை கொடுக்கிறது. ஆனால் அது தரும் கோடில் எனக்குப் பழக்கமில்லாத பெயர் ஒன்று வந்தாலும் எம்டிஎன்னில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் கமிட் செய்கிறேன், அதாவது ப்ராஜெக்ட்டில் பதிவு செய்கிறேன்.

குறையும் உண்டு. முதல் வருட மாணவர் ஒரு வசதியின் எல்லா விவரத்தையும் அடுக்கும் ரெஃபரன்ஸ் பக்கத்தில் நேராகப் போய் விழுந்தால் மிரண்டுவிடுவார். அவர்களை முதலில் கற்றல் பகுதிக்கு அனுப்புங்கள், உதாரணங்களை அங்கேயே மாற்றி ஓட்டிப் பார்க்க ப்ளேகிரவுண்ட் இருக்கிறது, அதைக் காட்டிக்கொடுங்கள். இன்னொன்று மொழி. ஜப்பானியம், கொரியன், பிரெஞ்சு, ஸ்பானிஷ் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன, தமிழ் இல்லை. இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது, ஏனென்றால் லாஜிக் நன்றாகப் புரிந்தும் ஆங்கிலப் பத்தியைப் பார்த்துத் தயங்கும் பிள்ளைகளை வாரா வாரம் பார்க்கிறேன்.

அந்த மாணவி பிறகு எம்டிஎன் பக்கம் ஒன்றில் ஒரு உதாரணத்தில் லேபிள் விடுபட்டிருந்ததைக் கவனித்து, பக்கத்தின் கடைசியில் இருக்கும் கிட்ஹப் இணைப்பு வழியாகத் திருத்தம் அனுப்பினார். இரண்டு முறை மாற்றச் சொன்னார்கள், ஏன் என்று பொறுமையாக விளக்கியும் எழுதினார்கள். மூன்றாம் நாள் மெர்ஜ் ஆனது, அவர் திருத்தம் எம்டிஎன்னில் சேர்ந்துவிட்டது. இரவு பதினொன்றரைக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, "அண்ணா, அடுத்து எதைத் திருத்தலாம்?" என்று கேட்டார்.