படம் இல்லாத சான்றிதழ்

சிங்கப்பூரிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து கோவை, அங்கிருந்து கேரள எல்லையிலுள்ள எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. எல்லாம் சொன்ன நேரத்துக்கு நடந்தது, அதில் எழுத ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்தது பொள்ளாச்சி போகிற வழியில் ஒரு சோதனைச் சாவடியில் ஐம்பது நிமிடம் நின்ற கதையை. எந்தச் சாவடி என்று சொல்லப் போவதில்லை. எங்கள் பக்கத்தில் அப்படி ஐந்தாறு இருக்கின்றன. எல்லாவற்றிலும் அதே தகரக் கொட்டகை, அதே ஆடும் மேசை.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ரேஷன் அட்டை கேரளம், மற்றதெல்லாம் பொள்ளாச்சி. துணி, நகை, மாடு, மருந்து, மூக்குக் கண்ணாடி எதுவானாலும் பொள்ளாச்சிதான். சின்ன வயதில் எல்லை என்பது பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கட்டை மாற்றுகிற இடம், அவ்வளவுதான். 2020 பொங்கலுக்கு வந்துவிட்டுப் போனவன், கோவிட்டால் 2021 டிசம்பரில்தான் திரும்ப வர முடிந்தது. தடுப்பூசி போட்டவர்களுக்கான தனிப் பயண ஏற்பாட்டை சிங்கப்பூர் நவம்பர் 29 அன்று இந்தியாவுக்குத் திறந்தது. நான் முதல் வாரத்திலேயே டிக்கெட் வாங்கிவிட்டேன்.

அம்மாயிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, எண்பத்தெட்டு வயது. பழைய கண்ணாடியின் ஒரு காது உடைந்து, நூல் போட்டுக் கட்டியிருந்தார்கள். புதுக் கண்ணாடி பொள்ளாச்சிக் கடையில் தயாராக இருக்கிறது, போய் வாங்கி வரவேண்டும். மாமாவும் அத்தையும் கிளம்பினார்கள். பொள்ளாச்சி என்றதும் நானும் வேனில் ஏறிக்கொண்டேன். ஓட்டியது பக்கத்து வீட்டுத் தம்பி. வழக்கமாக அந்த வேனை ஓட்டுகிற மாமன் மகன் அன்று தென்னந்தோப்பில் காய் வெட்டு என்று வரவில்லை. அது ஒரு வியாழக்கிழமை, சந்தை நாள்.

விதி எனக்குத் தெரியும். கேரளத்திலிருந்து வருகிறவர்களிடம் 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டிபிசிஆர் சோதனை முடிவு இருக்க வேண்டும், அல்லது இரண்டு டோஸ் போட்ட சான்றிதழ் இருக்க வேண்டும், இரண்டாவது போட்டு 14 நாள் ஆகியிருக்க வேண்டும் என்று 2021 ஆகஸ்ட் 5 முதல் தமிழ்நாடு கேட்டது. எனக்கென்ன கவலை? இரண்டு டோஸும் ஃபைசர், சான்றிதழ் கைப்பேசியில். சிங்கப்பூரில் அப்போது அதை யாரும் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. டிரேஸ்டுகெதர் என்ற தொடர்புத் தடமறியும் வில்லையைக் கருவியில் காட்டினால் ஒரு பீப். உள்ளே போகலாம். ஊசி போடாதவர் அக்டோபர் 13-க்குப் பிறகு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. டிசம்பர் 8 முதல், போட முடிந்தும் போடாதவருக்கு கோவிட் வந்தால் ஆஸ்பத்திரிச் செலவும் அவருடையதாக இருந்தது. யாரும் சத்தம் போட்டதில்லை, யாரும் யாரையும் கெஞ்சியதும் இல்லை. இரண்டு வருடம் அப்படி இருந்தவன், அதே மிதப்பில் வேனிலிருந்து இறங்கிப் போய் கைப்பேசியை நீட்டினேன்.

மேசைக்குப் பின்னால் நீல கவுன் போட்ட பையன். இருபத்து மூன்று வயது இருக்கலாம். முன்னால் ஒரு லாங் சைஸ் நோட்டு, வண்டி எண்ணும் ஆட்களின் எண்ணிக்கையும் கோடு போட்டு எழுதியிருந்தது. என் சான்றிதழை மேலே தள்ளினான், கீழே தள்ளினான், இரண்டு விரலால் பெரிதாக்கினான். தன் போனை எடுத்து, கோவின் என்ற இந்திய அரசின் தடுப்பூசித் தளத்தில் பார்க்க அந்தக் கட்டக் கட்டப் படத்தை ஸ்கேன் செய்தான்.

“கோவின்ல வரலீங்களே.”

“வராதுங்க. இது சிங்கப்பூரில் போட்டது.”

“கோவிஷீல்டுங்களா, கோவாக்சினுங்களா?”

“ரெண்டும் இல்லீங்க. ஃபைசர்.”

கொஞ்ச நேரம் யோசித்தான். “அப்ப ஊசி போடலீங்களா?”

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினேன். சென்னை விமான நிலையத்தில் இதே காகிதத்தைப் பார்த்துத்தான் விட்டார்கள் என்றேன். அவன் மரியாதையாகத்தான் கேட்டான், ஆனால் விடவில்லை. கடைசியில் சங்கடத்தோடு சொன்னான்: “இதுல படம் இல்லீங்களே.”

என் படம் என்று நினைத்தேன். இல்லை, பிரதமர் படம். அப்போது நம் நாட்டுச் சான்றிதழில் அது ஒரு மூலையில் இருந்தது, இல்லையா, அதைத்தான் தேடியிருக்கிறான். நாளைக்கு ஐந்நூறு சான்றிதழ் பார்க்கிறவனுக்கு எழுத்தைப் படிக்க நேரம் ஏது? அந்த முகம் இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் நிற்கவேண்டும். வேடிக்கை என்னவென்றால், தன் சான்றிதழில் எதற்குப் பிரதமர் படம் என்று ஒருவர் கேரள உயர் நீதிமன்றத்தில் போட்ட வழக்கைத் தள்ளுபடி செய்து, ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் போட்டது அதே வாரம்தான், டிசம்பர் 21. கொச்சியில் ஒருவர் அந்தப் படத்தை நீக்கச் சொல்லி அபராதம் கட்டவேண்டிய நிலை. நான் அந்தப் படம் இல்லாமல் வெயிலில் நிற்கிறேன்.

ஆர்டிபிசிஆர்? கிளம்பும் முன் எடுத்தது. அதன் 72 மணி நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. ஓரமாக நிற்கச் சொன்னான். நின்றேன்.

ஓரமாக நின்றால்தான் சாவடி எப்படி நடக்கிறது என்று தெரிகிறது. பத்தடி தள்ளி ஒரு பெட்டிக் கடை. ஷாம்பு பாக்கெட் தொங்குகிற கம்பியில் அதற்குப் பக்கத்திலேயே மாஸ்க் சரம், ஒன்று ஐந்து ரூபாய். பைக்கில் வருகிறவர் நிறுத்துவார், ஒன்று வாங்கி மாட்டுவார், சாவடியைத் தாண்டுவார், தாண்டியதும் கழற்றிச் சட்டைப் பையில் செருகுவார். பீடி வாங்க வந்த ஒரு பெரியவர், மாஸ்க் போடாவிட்டால் கேரளத்தில் 500 ரூபாய், தமிழ்நாட்டில் 200 என்று எனக்குப் பாடம் எடுத்தார். அதனால் அந்தப் பக்கம் மூக்கு வரைக்கும், இந்தப் பக்கம் வாய் வரைக்கும் போட்டால் போதுமாம். சிங்கப்பூரில் 300 வெள்ளி, அதாவது டாலர், என்றேன். ரூபாயில் எவ்வளவு என்றார். சொன்னதும் பீடியைப் பற்ற வைக்காமல் என்னையே பார்த்தார்.

எதிர்ப்பக்கம் சந்தையிலிருந்து மாடு ஏற்றிய லாரிகள் நிற்காமல் கேரளத்துக்குள் போய்க்கொண்டிருந்தன. சாவடிக்குத் தெற்கே ஒரு இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் மண் தடம். பால் கேன் கட்டிய மொபெட்டுகள் அதில் போவதும் வருவதுமாக இருந்தன. அதை சாவடியிலிருந்த போலீஸ்காரரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. ஊசி போட்டு, காசு கட்டிச் சோதனை செய்து, மூக்கு மூடி வந்தவன் வெயிலில். ஊசியே போடாதவன் இட்டேரியில். அத்தை வேனுக்குள்ளிருந்து, “ஏஞ்சாமி, நாமளும் அதுலயே போயிருக்கலாமில்ல?” என்றார். வேன் போகாது, இல்லாவிட்டால் மாமா போயிருப்பார்.

ஒரு மணிக்கு நீல கவுன் பையன் சாப்பிடப் போனான். அவன் இடத்தில் இன்னொருவர் வந்து உட்கார்ந்தார். மாமா ஒன்றும் பேசவில்லை. வேனைப் பின்னால் எடுக்கச் சொன்னார், வரிசையில் கடைசியாகப் போய் நின்றார், என்னை ஏறச் சொன்னார். டேஷ்போர்டைத் திறந்தார். உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட அட்டைகள். அக்ஷயா என்ற கேரள அரசுச் சேவை மையத்தில் பிரிண்ட் எடுத்து, ஆதார் அட்டை அளவுக்கு வெட்டி, லேமினேஷன் போட்ட தடுப்பூசிச் சான்றிதழ்கள். மாமாவுடையது, அத்தையுடையது, ஓட்டும் தம்பியுடையது. நான்காவது மாமன் மகனுடையது. அவன்தான் இந்த வேனில் தினமும் இளநீர் கொண்டுபோகிறவன், அதனால் அது வேனிலேயே கிடக்கும்.

புதியவர் அட்டைகளை எண்ணினார், நான்கு. தலைகளை எண்ணினார், நான்கு. அந்தச் சான்றிதழில் போட்டுக்கொண்டவரின் முகம் கிடையாதே, இருக்கிற ஒரே முகம் பிரதமருடையது. “போலாங்க.”

தப்புதான். சிங்கப்பூரில் இப்படிச் செய்திருந்தால் என் வேலை அனுமதி என்ன ஆகியிருக்கும் என்று பொள்ளாச்சி வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். உண்மையிலேயே இரண்டு டோஸ் போட்ட நான், மச்சானின் அட்டையில் எல்லை தாண்டியிருக்கிறேன்.

அந்த அட்டைக்கும் ஒரு கதை உண்டு. மச்சான் ஊசிக்குப் பரம எதிரி. எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் மலையாளம் கலந்து இருந்தாலும் வீட்டில் ஓடுவது தமிழ்ச் சேனல்தான். 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொண்டார், 17 அன்று மாரடைப்பில் இறந்தார். ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று டாக்டர்கள் அப்போதே சொன்னார்கள். அக்டோபரில் மத்திய அரசின் நிபுணர் குழுவும் அதையே சொன்னது. யார் கேட்டார்கள்? பாலக்காட்டு நகரத்தில் மலையாளச் செய்தி பார்க்கிறவர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற எங்கள் ஊரில் தமிழ்ச் செய்தி பார்த்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஊர்ச் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சி மூன்று முறை வீட்டுக்கு வந்திருக்கிறார். மூன்று முறையும் மச்சான் கொல்லைப்புறமாகத் தோப்புக்குப் போய்விட்டானாம்.

ஆகஸ்டில் கேரளம், கடைக்குள் போவதற்கே ஒரு டோஸாவது 72 மணி நேரத்துக்குள் எடுத்த சோதனை முடிவாவது வேண்டும், இல்லாவிட்டால் கோவிட் வந்து குணமாகி ஒரு மாதம் ஆகியிருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. மளிகைக் கடையில் மலையாளத்தில் எழுதி ஒட்டினார்கள், கேட்கத்தான் ஆளில்லை. ஆனால் மதுக்கடை வரிசைக்கு மட்டும் இந்த விதி ஏன் இல்லை என்று உயர் நீதிமன்றம் கேட்டது. அங்கேயும் வந்துவிட்டது. கள்ளுக்குப் பேர்போன தாலுகாவில் பிறந்தவன் மச்சான். அந்த வாரமே முதல் டோஸ். இரண்டாவது, இளநீர் வேன் பொள்ளாச்சிக்குப் போகவேண்டுமே என்பதற்காக, இரண்டுக்கும் இடையில் விட வேண்டிய 84 நாள் முடிந்த மறுநாளே. விவேக்கை மறந்துவிட்டாயா என்று கேட்டேன். “பயம் இப்பவும் இருக்குது மச்சான். பொழப்பு இருக்குதில்ல?” என்றான்.

அவன் மாஸ்க்கை நான் பார்த்தவரை இரண்டு இடத்தில்தான் பார்த்தேன். வேனின் கண்ணாடியில் எலுமிச்சை, மிளகாய் பக்கத்தில் தொங்கும். இல்லாவிட்டால் தாடைக்குக் கீழே தாடி மாதிரி. நான் இரண்டு நாளாக அவனுக்கு உபதேசம் செய்திருந்தேன். எங்கள் ஊரில் ரயிலில் ஒருவர்கூட மூக்கைத் திறப்பதில்லை என்பது போன்ற உபதேசம். எங்கள் ஊர் என்று நான் சொன்னது சிங்கப்பூரை. அவன் அதையும் கவனித்தான், ஒன்றும் சொல்லவில்லை.

பொள்ளாச்சியில் கண்ணாடி கிடைத்தது, சாப்பாடு நன்றாக இருந்தது, வரும்போது கேரளத்துப் பக்கம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வீடு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. சாவடிக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. வேனில் ஏறியதுமே மாஸ்க்கை அவிழ்த்துப் போட்டிருந்தேன். கண்ணாடிப் பெட்டியை எடுத்துக்கொண்டு நேராக அம்மாயி அறைக்குப் போனேன்.

வாசற்படியில் மச்சான் கையை நீட்டி மறித்தான். மூக்குத் தண்டில் கம்பியை அமுக்கி, தாடை வரை இழுத்து, ஒழுங்காக மாஸ்க் போட்டிருந்தான். முகம் கழுவிய ஈரம் நெற்றியில் இருந்தது. நிலைப்படிக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு பிளாஸ்டிக் கூடை. அதில் துவைத்து மடித்த துணி மாஸ்க்குகள். இரண்டு நாளாக அந்தக் கூடையைப் பார்த்திருக்கிறேன், குழந்தைகளின் கைக்குட்டை என்று நினைத்திருந்தேன்.

“போட்டுட்டுப் போ மச்சான். சந்தைக்குப் போயிட்டு வந்திருக்கற.”

“நான் ரெண்டு டோஸ் போட்டவன்டா.”

“நானுந்தான். அட்டை உங்கிட்ட இருந்துச்சே.”

மே மாதம், இரண்டாவது அலையில், எதிர்வீட்டுப் பெரியவர் போனதிலிருந்து இந்தக் கூடை இருக்கிறது என்று அத்தை பின்னாலிருந்து சொன்னார். பால்காரர், கேபிள்காரர், ஊசி போட வீட்டுக்கே வந்த நர்ஸ், யாராக இருந்தாலும் கூடையைத் தாண்டித்தான் அம்மாயி. அபராதம் கிடையாது, நோட்டில் கோடு போடுகிறவர் கிடையாது. மச்சான் இருந்தால் மச்சான் மறிப்பான், இல்லாவிட்டால் அத்தை. முதல் இரண்டு நாள் நான் எப்படித் தப்பினேன்? விமானத்தில் போட்ட மாஸ்க்கையே பெருமைக்குக் கழற்றாமல் திரிந்திருக்கிறேன், அதனால் யாருக்கும் சொல்ல வேண்டி வரவில்லை.

கூடையிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டினேன். சோப்பு வாசனை. இருவரும் உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றோம். அம்மாயி புதுக் கண்ணாடியை வாங்கி, முந்தானையில் துடைத்து, இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டார். என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

“ஏன்டா, இதுல சிங்கப்பூருக்காரன் ஆரு?”

மச்சான் கையைத் தூக்கினான்.