சினை நிற்காத மாட்டுக்கு ஊசியா, காளையா?

கலப்பினப் பசுவுக்கு மூன்று முறை சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டும் சினை நிற்கவில்லை என்றால், ஊரில் முதலில் வரும் யோசனை, "காளைக்கு விட்டுப் பாருங்க". அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பருவம், அதாவது மாடு இனச்சேர்க்கைக்குத் தயாராக இருக்கும் நேரம், 12 முதல் 18 மணி நேரம்தான் நிற்கும். ஊமைப் பருவமாக இருந்தால் மாடு கத்தாது. நமக்குத் தெரியாவிட்டாலும் காளை மோப்பத்திலேயே கண்டுபிடித்துவிடும். ஊசியில் நேரக் கணக்கு நம் பொறுப்பு. காலையில் பருவ அறிகுறி தெரிந்தால் மாலையில், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில் போட வேண்டும். மாட்டைப் பார்த்த உடனே ஆளைக் கூப்பிட்டு அவசரமாகப் போட்டால், பாதி ஊசி அங்கேயே வீண்.

ஆனால் ஊர்க்காளை எத்தனை மாடுகளோடு சேர்ந்தது என்று யாருக்குத் தெரியும்? கருச்சிதைவு நோய் உட்பட பலதும் அதன் வழியே தொழுவத்துக்குள் வரலாம். பிறக்கும் கிடேரி எவ்வளவு கறக்கும் என்பதும் குருட்டு யோகம்தான். ஊசிக்கு, பரிசோதித்த காளையின் விந்து மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இருந்து வருகிறது.

என் ஓட்டு ஊசிக்கே. அதற்கு முன், பருவத்தில் மாட்டின் பிறப்புறுப்பிலிருந்து வழியும் வழும்பைப் பாருங்கள். கண்ணாடி போல் தெளிவாகத் தொங்கினால் போடலாம். கலங்கலாகவோ சீழ் கலந்தோ இருந்தால் கருப்பையில் புண். ஊசியும் வேண்டாம், காளையும் வேண்டாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மாடு மெலிந்து எலும்பு தெரிந்தால், தாது உப்புக் கலவையும் பசுந்தீவனமும் கொடுத்து உடம்பைத் தேற்றுங்கள். அடுத்த பருவம் 21 நாளில் வரும்.