மண் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு என்று பேசி வெள்ளை சிமெண்ட் பூசுகிறார்கள், கவனம்

மண் வீடு கட்டுபவர்கள் பூச்சு வேலையைப் பேசி முடிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். காண்ட்ராக்டரிடம் பேசியது: தொட்டியில் தண்ணீர் விட்டு நீற்றிய சுண்ணாம்பு, கடுக்காய் வெல்லத் தண்ணீர், மூன்று பூச்சு. சுவரில் ஏறியது: வெள்ளை சிமெண்ட் கலந்த சாந்து, ஒரே பூச்சாக ஒன்றரை அங்குலம். ஒரு மழைக்காலம் போனதும் அடிச்சுவரில் பூச்சு மண்ணை விட்டுப் பிரிந்து நிற்கிறது. தட்டினால் வெற்றுச் சத்தம். பெயர்த்தால் பின்னால் மண் சொதசொதவென்று இருக்கிறது.

மண் சுவர் ஈரம் ஏறி இறங்கும்போது கொஞ்சம் விரிந்து சுருங்கும். கெட்டியான சிமெண்ட் அதற்கு வளைந்து கொடுக்காமல் மயிரிழையாக வெடிக்கும். அந்த வெடிப்பில் மழைத்தண்ணீர் சுலபமாக உள்ளே போகும், ஆவியாகி வெளியே வருவதுதான் கஷ்டம். வைக்கோல் கட்டுகளை அடுக்கிக் கட்டிய சுவர் என்றால் இன்னும் மோசம்: உள்ளே ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் வைக்கோலே மக்கத் தொடங்கும்.

சாம்பல் நிறம் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் வெள்ளை சிமெண்ட் போடுகிறார்கள். எனவே நிறத்தை நம்பாதீர்கள். கலவை போடும் அன்றே ஒரு கைப்பிடி சாந்தை பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, இறுக்கிக் கட்டி வையுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும், ஆகவே மறுநாளும் பைக்குள் கையால் பிசையும்படி இருக்கும். கல்லாகிவிட்டால் அதில் சிமெண்ட் இருக்கிறது. சுர்க்கி (செங்கல் பொடி) சேர்த்த சாந்தும் மூடிய பைக்குள் இறுகும்தான், ஆனால் ஒரே ராத்திரியில் அல்ல.

மூட்டைச் சுண்ணாம்பிலும் ஏமாற்று உண்டு. பழைய மூட்டை காற்றுப்பட்டு வெறும் சுண்ணாம்புக்கல் மாவாகியிருக்கும், மணலைப் பிடிக்காது. ஒரு சிட்டிகையில் எலுமிச்சைச் சாறு விடுங்கள்: நுரைத்துப் பொங்கினால் திருப்பி அனுப்புங்கள், நல்ல சுண்ணாம்பு அவ்வளவாக நுரைக்காது.

சூளையில் சுட்டு இன்னும் நீற்றாத கல் சுண்ணாம்பு வாங்கினால் இரண்டு மூன்று வாரமாவது தண்ணீருக்குள் ஊறி, சல்லடையில் சலித்து வர வேண்டும். நீறாத குருணை சாந்தில் தங்கினால், பூசி மாதக்கணக்கில் ஆன பிறகும் ஊதிப் புடைத்துப் பொட்டுப் பொட்டாக உதிரும். நீற்றும்போது தண்ணீர் கொதிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி இல்லாமல் யாரையும் அருகில் விடாதீர்கள்.

“சுண்ணாம்புன்னா வெடிக்கத்தாங்க செய்யும்” என்பது காண்ட்ராக்டரின் பதில். சுண்ணாம்புப் பூச்சு வெடிப்பது உண்மைதான். அது வெயிலில் சட்டென்று காய்ந்தாலோ கனமாகப் பூசினாலோ முதல் சில நாளிலேயே தெரியும், ஈரம் தெளித்துக் கரணையால் அழுத்தினால் மூடிக்கொள்ளும். மழைக்குப் பிறகு பலகை பலகையாகப் பிரிவது அந்த வெடிப்பு அல்ல.

ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டியவை: அடிப்பூச்சு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், ஒரு பூச்சு 10 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது, பூச்சுக்குப் பூச்சு ஒரு வாரமாவது இடைவெளி, அதுவரை நனைத்த சாக்கு மறைப்பு, மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்ட் இல்லாமல் சுண்ணாம்பு வெள்ளை. கடைசித் தவணையை ஒரு மழைக்காலம் கழித்துத் தருவதாகப் பேசுங்கள்.

ஏற்கெனவே சிமெண்ட் ஏறிவிட்டதென்றால் மேலே ஒட்டுப் போடாதீர்கள். முழுவதும் பெயர்த்து, சுவரை நன்றாக உலரவிட்டு, கரைந்த இடத்தை மண்ணாலேயே நிரப்பிய பிறகுதான் புதுப் பூச்சு.